போனுக்காக வந்தவள்

"இன்னும் கொஞ்சம் மேல தூக்குக்கா. நைனா மூக்குதான் தெரியுது."

சத்யப்ரியா போனை ஒரு சாண் உயர்த்தினாள். குளிர்பெட்டியின் கண்ணாடியில் டியூப்லைட் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்து, சரியாக அப்பாவின் கண்கள் மேல் கிடந்தது.

"வெளிச்சம் அடிக்குதுக்கா. அந்த லைட்ட நிறுத்தச் சொல்லு."

"பொணம் இருக்கிற வூட்ல லைட்ட நிறுத்துவாங்களாடா?"

"அப்ப லெஃப்டுல போ. உன் லெஃப்டு இல்ல, நைனாவுக்கு லெஃப்டு."

போனாள். யாரோ ஒருத்தியின் கால்விரலை மிதித்தாள். அந்த அம்மாள் ஒப்பாரியை நிறுத்தி, "பாத்து வாயேம்மா" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி எடுத்தாள். அப்பாவின் முகம் இப்போது போனுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை. அவள் கண்ணுக்கும் அப்பாவுக்கும் நடுவில் போன் இருந்தது.

காலை ஆறு மணியிலிருந்து இதே வேலை. தோள்பட்டை எரிந்தது. ஜெர்மனியில் தம்பி இளவரசனும் தூங்கவில்லை. வாசலில் யார் தலை தெரிந்தாலும், "யாருக்கா அது, காட்டு" என்றான். காட்டினால், "நைனா கிட்ட போ" என்றான். பவர் பேங்க் ஒயர் அவள் கழுத்தைச் சுற்றி, ஜாக்கெட்டுக்குள் போய், இடுப்பில் முடிந்தது.

அப்பா மாணிக்கவேல் நேற்று சாயந்திரம் ஐந்தேகாலுக்குப் போனார். அவள்தான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நாலாவது ஸ்பூனுக்கு வாய் திறக்கவில்லை. கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்து, ஸ்பூனை அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கெஞ்சினாள். ஒன்பது மாதப் படுக்கை. அதற்காகவே ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேலையை விட்டிருந்தாள். அங்கே போன் கேமராக்களைச் சோதித்து அனுப்பும் வரிசையில் ஆறு வருஷம் நின்றவள்.

"புள்ள எப்ப வர்றான்?" என்று பக்கத்துத் தறிக்காரர் கேட்டார். தெருவில் சாவு என்பதால் அவர் வீட்டுத் தறி காலையிலிருந்து ஓடவில்லை. அவரும் துண்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"வர முடியாதுங்க. அங்க தங்கறதுக்கு அவனுக்குக் குடுத்த கார்டு தேதி முடிஞ்சிடுச்சு. புதுசு இன்னும் கைக்கு வரல. இப்ப வெளிய வந்தான்னா மறுபடி உள்ள வுட மாட்டாங்க."

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "டிக்கெட் கெடைக்கல போல" என்றார்.

இதையே இருபது பேருக்குச் சொல்லியாகிவிட்டது. சொல்லும்போதெல்லாம் போனிலிருந்து ஒரு செருமல் வந்தது. அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்பாவுக்கும் அவனுக்கும் நடுவில் போன் பிடிப்பது அவளுக்குப் புதிதில்லை. அப்பாவுக்குக் கை நடுங்கும். அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள்தான் பிடிப்பாள். அவர்கள் சண்டை போடுவார்கள். ஒரே சண்டை. வானத்துக்கு ஆள் போக வேண்டுமா, மெஷின் போனால் போதுமா.

நம் கலம் நிலாவில் இறங்கிய நாளில் ஆரம்பித்தது அது. அப்போது இளவரசன் இங்கேதான் இருந்தான். டிவியில் எல்லோரும் கைதட்ட, அப்பாவும் தட்டினார். தட்டி முடித்துவிட்டு, "எறங்குனது யாரு? பொட்டி. பொட்டி எறங்குனா நாம எறங்குனதா ஆயிடுமா?" என்றார்.

"நைனா, அந்தப் பொட்டி அங்க எவ்ளோ சூடுன்னு சொல்லுது, மண்ணுல இன்னா இருக்குதுன்னு சொல்லுது. அதுக்கு சோறு வேணாம், காத்து வேணாம், திரும்பி வரணும்னுகூட இல்ல. ஒரு ஆள அனுப்புற செலவுல இருவது பொட்டி அனுப்பலாம்."

"அது நீ கேட்டத சொல்லும்பா. நீ கேக்காதத யாரு சொல்றது?"

முப்பத்தொரு வருஷம் லைன்மேனாக இருந்தவர். பேச்சு எங்கே தொடங்கினாலும் கம்பத்தில் ஏறாமல் முடியாது. ஒரு தடவை ஓரிக்கைப் பக்கம் கரண்ட் போய்ப் போய் வந்ததாம். மீட்டர் வைத்துப் பார்த்ததில் இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் நடுவில் கோளாறு என்று காட்டிற்றாம். "அது சரியாத்தான் காட்டுச்சு. ஏறிப் பாத்தா ஒரு காக்கா, கம்பித் துண்டுலயே கூடு கட்டி, உள்ள மூணு குஞ்சு. மீட்டருக்குத் தெரியுமாடா குஞ்சு? அத்த எறக்கி மரத்துல வச்சிட்டு வந்தேன். ஆள் போவணும்பா. போனாத்தான் போனது."

இளவரசன் ஜெர்மனிக்குப் போய், படித்துக்கொண்டே ஒரு ஆய்வுக்கூடத்தில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தான். பெரிய தொட்டியில் மண்ணைக் கொட்டி, வேறு கிரகத்தில் ஓடப்போகும் வண்டியின் சக்கரத்தை அதில் ஓட்டிப் பார்க்கிற வேலை. அதற்கப்புறம் சண்டையில் அவனுக்குப் பிடி கிடைத்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லியே விட்டான்.

"நீ கம்பத்துலருந்து வுழுந்தியே நைனா. அன்னிக்கு ஒரு மிஷினு ஏறி வுழுந்திருந்தா வேற ஒண்ணு வாங்கியிருப்பாங்க. நீ வுழுந்து எட்டு மாசம் படுத்துக்கினு இருந்த. அக்கா ப்ளஸ் டூ பரீட்ச எழுதல. அந்தக் காக்கா குஞ்சுக்கு இவ்ளோ வெலையா?"

அவர் விழுந்தது வேறொரு நாள், வேறொரு கம்பம். மழையில் நனைந்திருந்தது, கால் வழுக்கியது, அவ்வளவுதான். ஆனால் அதை வீட்டில் யாரும் பேசுவதில்லை. அப்பா போனைப் பிடித்திருந்தவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்குக் கை வலித்தது. மாற்றிப் பிடித்தாள்.

படுக்கையில் விழுந்தபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வானத்துக்கு ஆள் அனுப்பும் முன்னால் பெண் உருவத்தில் செய்த ரோபோ ஒன்றை அனுப்பப் போகிறார்கள் என்று செய்தியில் வந்தது. பயிற்சி எடுக்கும் நாலு பேரும் ஆண்கள்.

"நீ போவியாம்மா?" என்று அப்பா கேட்டார். முதல் தடவையாக அவளைக் கேட்டார்.

"அனுப்புனா போவேன்."

"உன்ன அனுப்ப மாட்டானுங்க. உன்ன மாதிரி ஒரு பொம்மைய செஞ்சி அனுப்புவானுங்க."

அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. இளவரசனும் போனுக்குள் சிரித்தான். அவளும்தான்.

பதினொரு மணிக்கு அவள் சித்தப்பாவைத் தேடி வெளியே வந்தாள். பூவராகவன் ஷாமியானாவுக்கு அடியில் நின்று, பாடைக்குப் பூ கட்டுகிறவர்களிடம் சாமந்தி போதாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. வாலாஜாபாத் பக்கம் நெல் போடுகிறவர். ராத்திரியே வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார். இளவரசன் இல்லாததால் கொள்ளியும் அவர்தான்.

"சித்தப்பா, நானும் வரேன்."

"எங்க?"

"சுடுகாட்டுக்கு."

அவர் பூவை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "உங்க அம்மா கேக்கச் சொன்னாங்களா?"

"நான்தான் கேக்கறேன். கொள்ளி நீங்களே வைங்க. நான் சும்மா வந்து நிக்கறேன்."

"நம்ம வூட்ல பொம்பளைங்க தெருமுனைய தாண்டுனதில்லம்மா. எங்க அம்மா செத்தப்ப உங்க அத்தைங்க மூணு பேரும் அங்கியேதான் நின்னாங்க."

"அவங்க வரேன்னு கேட்டாங்களா?"

"கேக்கறதுக்கு அதுல இன்னா இருக்குது?"

"ஒம்போது மாசமா நான்தான் சித்தப்பா தூக்கி உக்கார வச்சேன். நான்தான் கழுவி வுட்டேன்."

"யாரு இல்லன்னா? ஊரே அதத்தான் பேசிக்கினு இருக்குது. ஆனா அது வேற, இது வேற." அவள் தலையில் கை வைத்தார். அன்பாகத்தான் வைத்தார். அவர் கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். "போ, உள்ள போயி உக்காரு. ஒரு வாய் டீ குடி."

பின்கட்டுக்குப் போய் போனைத் தன் பக்கம் திருப்பினாள். இளவரசன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். கண்கள் வீங்கியிருந்தன. அவனுக்குப் பின்னால் ஹீட்டர் மேல் துணி காய்ந்தது.

"டேய், நீ சொன்னா சித்தப்பா கேப்பாரு. சொல்லுடா."

"அக்கா, இப்ப போயி இத்த ஒரு பிரச்சனையா பண்ணணுமா? வர முடியலியேன்னு நானே செத்துக்கினு இருக்கேன்."

"உன்னால வர முடியல. என்ன வர வுட மாட்டேன்றாங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே."

"இல்லடா."

"சரிக்கா, அப்புறம் பேசலாம். உள்ள யாரோ அழற சத்தம் கேக்குது. யாருன்னு காட்டு."

அவள் அவனையே பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேமராவை மாற்றிவிட்டு உள்ளே போனாள்.

ஒரு மணிக்குப் பெட்டியைத் திறந்தார்கள். குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி பூசி, காசு ஒட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் போனிலிருந்து வந்தது. "கிட்ட போக்கா." "ஆடுது, ஆடுது." "யாரோ மறைக்கறாங்க, நகரச் சொல்லு." நீர் எடுத்து ஊற்றும்போது அவள் சொம்பைத் தொடவில்லை. தொட ஒரு கைதான் இருந்தது. அந்தக் கையால் மற்ற கையைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

சடங்கு செய்யும் உமாபதி வாய்க்கரிசித் தட்டை நீட்டினார். அம்மா போட்டாள். அத்தைகள் போட்டார்கள்.

"பையனுக்குப் பதிலா யாரு?" என்றார் உமாபதி.

பூவராகவன் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரு பிடி அரிசியை எடுத்து, சத்யப்ரியாவின் கையிலிருந்த போனில், இளவரசனின் முகத்தின் மேல் வைத்து ஒற்றி எடுத்தார். அதைக் கொண்டுபோய் அண்ணன் வாயில் போட்டார். "இளவரசன் போட்டுட்டான்" என்று சத்தமாகச் சொன்னார். கூட்டத்தில் பெண்கள் ஓவென்று அழுதார்கள். போனுக்குள்ளும் அழுகை கேட்டது. கண்ணாடியில் இரண்டு அரிசி ஒட்டியிருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"பொண்ணு போட்டாச்சா?"

அவள் தட்டில் கை வைத்தாள். இடது கை. வலது கையில் போன்.

"ஐயோ, எடது கையிலயா? சோத்துக் கையால போடும்மா" என்றாள் யாரோ.

கை மாற்றினாள். போன் சாய்ந்தது. "அக்கா, அக்கா, சாமிப் படம் தெரியுது, கீழ எறக்கு, அக்கா!" அரிசியில் பாதி அப்பாவின் மீசையில் விழுந்தது. அதை எடுத்து உள்ளே போடலாம் என்று குனிவதற்குள் உமாபதி தட்டை அடுத்தவளிடம் நகர்த்திவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு போனை நிமிர்த்தினாள்.

பாடை வாசலுக்கு வந்தபிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. சுடுகாட்டில் போனை யார் பிடிப்பது?

"நான் புடிக்கிறேன், குடு" என்று ஆனந்தராஜ் வந்தார். அப்பாவோடு ஒரே செக்‌ஷன் ஆபீஸில் வேலை பார்த்தவர். எத்தனையோ கம்பங்களுக்குக் கீழே ஏணி பிடித்தவர். போனை ஏணி மாதிரியே இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

"மாமா, ஒண்ணும் தெரியல. செவப்பா இருக்குது."

"செவப்பாவா? பந்தல் பச்சையாச்சேப்பா."

"உங்க வெரலு மாமா. வெரல எடுங்க."

எடுத்தார். வானம் தெரிந்தது. திருப்பினார். அவருடைய காதும் மப்ளரும் தெரிந்தன. "தம்பி, நான் உன்ன பாக்கறேன், நீ என்ன பாக்கறியா?" என்று உரக்கக் கேட்டுக்கொண்டே எதையோ அமுக்கினார். இணைப்பு அறுந்தது. பாடைக்குப் பக்கத்திலேயே நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மறுபடி கூப்பிட்டபோது இளவரசனின் குரல் உடைந்திருந்தது. "சித்தப்பா, அக்காகிட்ட குடுங்க. அக்கா கைதான் ஆடாது. அவங்க வந்தாத்தான் எனக்குத் தெரியும். எனக்கு வேற வழி இல்ல சித்தப்பா."

பூவராகவன் உமாபதியைப் பார்த்தார். உமாபதி மேளக்காரர்களைப் பார்த்தார்.

"சரி" என்றார் பூவராகவன். "போனுக்காவ வரட்டும். ஓரமா நின்னு காட்டிட்டு வந்துடட்டும்."

அவளுக்குச் சுருக்கென்றது. காலையில் அவள் கேட்டபோது கிடைக்காதது, ஆடாத கைக்காகக் கிடைத்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அதற்குள் மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டது. ஆனந்தராஜ் போனை அவள் கையில் திணித்தார்.

தெருமுனையில் பெண்கள் நின்றார்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், தலைவிரி கோலமாக இருந்த அம்மா ரேணுகாம்பாளை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். பாடை தாண்டியது. சத்யப்ரியா தாண்டப் போனபோது அம்மா அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"வந்து எனக்குச் சொல்லு."

"ரெக்கார்டு பண்ணி வைக்கறேம்மா."

"எனக்கு அதெல்லாம் வேணாம். நீ பாத்துட்டு வந்து சொல்லு."

அவ்வளவுதான் பேசினாள். கையை விட்டுவிட்டாள்.

வேகவதி ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு இருபது நிமிஷ நடை. பின்பக்கமாக நடந்தாள், பாதி தூரம். அப்படி நடந்தால்தான் பாடையை முன்பக்கமிருந்து காட்ட முடியும் என்றான் இளவரசன். ஒரு பள்ளத்தில் கால் மடங்கியது. வெடிப்புகை கண்ணில் அடித்தது. "நடந்து வர்றவங்கள காட்டு." காட்டினாள். "நைனா தல ஆடுதுக்கா, பாத்துத் தூக்கச் சொல்லு." சொன்னாள். யார் காதிலும் விழவில்லை.

சுடுகாட்டு கேட்டுக்குள் நுழைந்து, முள்மரங்களைத் தாண்டி, பள்ளத்தில் இறங்கினார்கள். அங்கே இளவரசனின் முகம் உறைந்து நின்றது. வாய் பாதி திறந்து, எதையோ சொல்ல வந்த மாதிரி. மேலே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் போய், திரை கறுப்பாகியது. சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

அவள் போனை இறக்கவில்லை.

"லைன்ல இருக்கானாம்மா?" என்று பூவராகவன் தூரத்திலிருந்து கேட்டார். அதற்குள் மொட்டை அடித்து முடித்து, தோளில் ஈரத் துண்டோடு நின்றார்.

கேட் பக்கம் போனால் சிக்னல் வரும். அது அவளுக்குத் தெரியும். அங்கே போனால் இங்கே திரும்பி வர யாரும் விடமாட்டார்கள் என்பதும் தெரியும்.

"இருக்கான் சித்தப்பா."

"நல்லாத் தெரியுதான்னு கேளு."

"தெரியுதாம்."

வறட்டி அடுக்கின் மேல் அப்பாவைக் கிடத்தினார்கள். சுடுகாட்டில் வேலை பார்க்கும் தாவீது, மேலும் வறட்டிகளைக் கால் பக்கத்திலிருந்து அடுக்கிக்கொண்டே வந்தார். அடுக்கி, வைக்கோல் பரப்பி, குழைத்த மண்ணைப் பூசினார். முகம் மட்டும் பாக்கி.

"தம்பி மொகத்தப் பாத்துக்கட்டும்" என்றார் உமாபதி. "பாத்ததும் மூடிடலாம்."

அவள் தலைமாட்டுக்குப் போனாள். தாவீது அந்தப் பக்கம்தான் மண் சட்டியோடு குந்தியிருந்தார். அவர் நிமிர்ந்து போனைப் பார்த்தார். கறுப்புத் திரையில் அவருடைய முகம்தான் தெரிந்திருக்கும். பிறகு அவளைப் பார்த்தார்.

தாவீது மண் சட்டியை நகர்த்தி வைத்தார். "கொஞ்சம் கிட்ட வரட்டுங்க அந்தம்மா" என்று ஆண்கள் பக்கம் பார்த்துச் சொன்னார். "இப்டி வந்தாத்தான் நெழல் வுழாது."

வந்தாள். குந்தினாள். போனை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். அப்பாவின் முகம் இருந்தது. இடது புருவத்தில், கம்பத்திலிருந்து விழுந்த அன்று போட்ட தையலின் கோடு. போன வாரம் அவள் சவரம் செய்தபோது விட்டுப்போன நாலு வெள்ளை முடி, தாடைக்குக் கீழே. ஒரு எறும்பு காதோரம் ஏறிக்கொண்டிருந்தது.

"தம்பி என்ன ஒரு தடவ தொடச் சொல்றான், சித்தப்பா."

குரல் நடுங்காமல்தான் வந்தது.

"தொடட்டும், தொடட்டும்" என்றார் பூவராகவன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், எம்மாந் தூரத்துல இருக்கறான்."

எறும்பை எடுத்துவிட்டாள். பிறகு கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். வெயிலில் வந்ததால் மேல்தோல் லேசாகச் சூடாக இருந்தது; அதற்குக் கீழே இன்னும் குளிர்பெட்டிதான் இருந்தது. எவ்வளவு நேரம் வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை.

தாவீது வறட்டியை வைத்தார்.

பூவராகவன் குடத்தோடு மூன்று சுற்று சுற்றினார். உமாபதி சுற்றுக்கு ஒன்றாகக் கொத்தி ஓட்டை போட்டார், தண்ணீர் பீச்சியது. குடம் உடைந்தது. பூவராகவன் சிதைக்கு முதுகு காட்டி நின்று, கையைப் பின்னால் நீட்டிக் கொள்ளி வைத்தார். "திரும்பிப் பாக்காம போங்க" என்றார் உமாபதி. எல்லோரும் நடந்தார்கள். ஆனந்தராஜ்கூடத் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, திரும்பாமல் போனார். கை, கால் கழுவும் தொட்டிக்கு அருகில் போய் முதுகு காட்டி நின்றார்கள்.

சிதையைப் பார்த்து நின்றது அவளும் தாவீதும்தான்.

"முடிஞ்சுதாம்மா?" என்று பூவராகவன் முதுகைத் திருப்பாமலே கேட்டார். "கெளம்பலாமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கணுமாம், சித்தப்பா."

"சரி, பாக்கட்டும்."

வைக்கோல் ஓரத்தில் நெருப்பு பிடித்து, அணைகிற மாதிரி போய், மறுபடி பிடித்தது. அப்போது போன் அவள் கைக்குள் அதிர்ந்தது. ஒரே ஒரு கோடு சிக்னல். திரையில் இளவரசனின் பெயர். அது சத்தமில்லாமல் உதறி உதறி நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி உதறியது.

கையை முகத்துக்கு நேரே, ஆடாமல், அப்படியே வைத்திருந்தாள். போனின் விளிம்புக்கும் அவள் மணிக்கட்டுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் முதல் புகை எழுந்து, ஆற்றுப் பக்கமாகச் சாய்ந்தது.